தராசில் ஏறிய இரண்டு பரப்புக் காணி

அநியாயம் செய்யப்பட்டது என் பெரியம்மா பரிமளகாந்திக்கு. செய்தது ரூபா. ரூபா என்ன செய்யும், அது கடதாசிதானே என்று சொல்ல வாயெடுப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் மூன்றாம் வருடம். அந்தப் பதிலை மூன்று விரிவுரையாளர்கள் எனக்குச் சொல்லி, மூவரோடும் சண்டை பிடித்து முடித்துவிட்டேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. புளியடி ஒழுங்கை என்கிற எங்கள் சின்னத் தெருவின் வாசலில், அம்பலவாணர் அப்புவின் இரண்டு பரப்புக் காணியில், ஒரு கிணறும் ஒரு மாதுளையும் இரண்டு அறையும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்து, ஊர்ப் பெட்டையள் எல்லோருக்கும் பள்ளிக்கூடச் சட்டை தைத்துச் சீவித்தவர். கலியாணம் கட்டவில்லை. ஏனென்று கேட்டால், "எல்லாருக்கும் அளவெடுத்ததிலை எனக்கு எடுக்க மறந்துபோனன்" என்பார். 1979இல், இருபத்திரண்டு வயதில், ஒருநாள் வாடகை கொடுக்கப் போனவர் இந்தக் காணி என்ன விலை என்று அப்புவிடம் கேட்டிருக்கிறார். "இருபத்தையாயிரம் கொண்டு வா, எழுதித் தாறன்" என்றார் அப்பு. அது பகிடி. தையல்காரி ஒருத்தி இருபத்தையாயிரத்துக்கு எங்கே போவாள் என்ற பகிடி. பெரியம்மாவுக்குப் பகிடி விளங்குவது குறைவு. அடுத்த நாளே பட்டணத்தில் ஒரு சேமிப்பு அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, போய், மாதம் இருபது ரூபா கட்டினால் அறுபத்தைந்து வயதில் இருபத்தையாயிரம் தருவோம் என்று அவர்கள் நீட்டிய கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

நாற்பத்து மூன்று வருடம் கட்டினார். ஷெல் விழுந்த மாதமும் கட்டினார், ஊரடங்கு போட்ட மாதமும் கட்டினார், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போன மாதம் கந்தோரும் எங்கேயோ இடம்பெயர்ந்துவிட, அதை விசாரித்து விசாரித்து நடந்து, ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் கீழ் மேசை போட்டுக்கொண்டிருந்த எழுதுவினைஞரைக் கண்டுபிடித்து, அவருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, இருபது ரூபாவைக் கட்டிவிட்டு வந்தார். 2022 வைகாசியில் அந்தப் பணம் முதிர்ந்து வந்தது. ஐயாயிரம் ரூபா நோட்டு ஐந்து. ஐந்தே ஐந்து. கூடவே ஓர் அச்சடித்த கடிதம்: தங்களது கோரிக்கை முழுமையாகத் தீர்க்கப்பட்டுள்ளது. அந்த மாதம் டொலர் முந்நூற்றறுபது. அந்த ஐந்து நோட்டுக்கும் ஒரு காஸ் சிலிண்டர், ஒரு மூட்டை அரிசி, வரிசையில் நின்றால் நாலு பால்மாப் பெட்டி வரும். அதே மாதம், ரொறன்ரோவில் இருக்கும் அப்புவின் மகன், அதே இரண்டு பரப்புக்கு முப்பது இலட்சம் தர ஓர் ஆளைப் பிடித்துவிட்டதாகவும், அடுத்த வைகாசிக்குள் பெரியம்மா வீட்டை விடவேண்டும் என்றும் ரெலிபோனில் அறிவித்தான்.

நான் சும்மா இருப்பேனா. பதினொரு பக்கத்தில் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன். விலைச்சுட்டெண் போட்டேன், எழுபத்தேழில் ரூபாவை மிதக்கவிட்ட கதையையும் மிதக்கவிட்டது எப்படித் தாழ்ந்துபோனது என்பதையும் பத்தி பத்தியாக எழுதினேன், அடிக்கோடு போட்ட இடங்களில் பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு பக்கத்தையும் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறாய், அப்புக்காத்து" என்றார். சாம்பவி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் சண்டை பிடிக்கிற பிள்ளை என்பதால் வீட்டில் அப்புக்காத்துதான். வழக்கறிஞருக்கு எங்கள் பக்கத்துப் பழைய சொல். "ஆனா இவ்வளவு கதைச்சா, அவை பதில் சொல்லாமல் நழுவ இதுக்குள்ளை நூறு ஓட்டை இருக்கு."

பிறகு, றூல் போட்ட கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஒரே ஒரு கேள்வியை எழுதினார். நான் 1979இல் உங்களுக்குத் தந்த ரூபாவும், 2022இல் நீங்கள் எனக்குத் தந்த ரூபாவும் ஒன்றா? ஆம் அல்லது இல்லை என்று அறியத் தரவும்.

அந்தக் கடிதம் தபாலில் போன சனிக்கிழமைதான் இலுப்பையடிச் சந்தையில் தராசு மாறியது.

வெங்காயம் விற்கிற மரியக்காவுக்கு ஒரு வழக்கம். சந்தையில் கடற்காற்று அடிப்பதால், வாங்குகிறவர் கொடுக்கும் நோட்டைப் படிக்கல் வைக்கிற தட்டில், கல்லுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் நிறுப்பார். அன்று ஒரு பெண், முந்நூற்றுப் பத்து ரூபா வெங்காயத்துக்கு முந்நூறு ரூபாவும், மிச்சப் பத்துக்கு வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய நோட்டும் கொடுத்தார். மரியக்கா செருகினார், வெங்காயத்தைப் போட்டார், தட்டு இறங்கவில்லை. இன்னும் ஒரு கை போட்டார், இறங்கவில்லை. மேலும் மூன்று கிலோ ஏறிய பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. மரியக்கா அந்தப் பத்து ரூபாவை உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதில் அச்சடித்த திகதியைப் பார்த்தார்.

"எழுபத்தொன்பதாம் ஆண்டு நோட்டு" என்றார். "அப்ப பத்து ரூபாவுக்கு மூண்டு கிலோதான். தராசு சரியாத்தான் சொல்லுது. பையைப் பிடி பிள்ளை."

"உங்களுக்கு நட்டமில்லையோ அக்கா?"

"எனக்கென்ன நட்டம். நான் இதைக் கொண்டுபோய் மீன் வாங்குவன்."

கொண்டுபோனார். மீன்காரரின் தராசிலும் அந்தப் பத்து ரூபா எழுபத்தொன்பதாம் ஆண்டுப் பத்து ரூபாவாகவே நின்று, முழு விளைமீன் இரண்டை மேலே தூக்கியது. மத்தியானத்துக்குள் சந்தைக்கே விளங்கிவிட்டது. எந்த நோட்டும் அது அச்சடிக்கப்பட்ட ஆண்டில் என்ன வாங்கியதோ அதையே இப்போதும் வாங்கும். அதைக் கையில் வாங்கியவரும் அதைக் கொண்டு அதையே வாங்கலாம். யாருக்கும் நட்டமில்லை. பால்மா வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று நின்று கால் வீங்கியிருந்த சனம், வாயைப் பிளந்து நிற்க நேரமில்லாமல், பழைய நோட்டுத் தேட வீட்டுக்கு ஓடியது.

சாமிப்படங்களுக்குப் பின்னாலிருந்தும், கூறைச்சேலை மடிப்பிலிருந்தும், இறந்துபோன ஐயாவின் கோட்டுப் பையிலிருந்தும், பத்தாம் வகுப்புக் கொப்பிக்குள் எவனோ எவளுக்கோ 'காத்திருக்கிறேன்' என்று எழுதி வைத்திருந்த ஐந்து ரூபாவிலிருந்தும் காசு எழுந்து வந்தது. ஆட்களுக்குச் சாதகம் பார்ப்பதைப்போல நோட்டுக்கு ஆண்டு பார்த்தார்கள். "எழுபத்தேழு கார்த்திகைக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேட்டுத்தான் மிளகாய் கட்டினார்கள், ஏனென்றால் அந்த ஒரு வருடத்துக்குள் ரூபா பாதியானது சின்னப்பிள்ளைகளுக்கும் பாடமாகிவிட்டது. கோயில் ஐயர் உண்டியலை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தார். தராசில்லாத இடத்தில் இந்த நீதி நடக்கவில்லை என்பதால் எல்லோரும் தராசு வாங்கினார்கள். தலைமயிர் வெட்டுகிறவர் ஒரு தட்டில் கத்தரிக்கோலை வைத்தார், வெட்டுக்கு அதுதான் சாட்சி. பஸ் கொண்டக்டர் ரிக்கற் புத்தகத்தை வைத்தார். தனியார் வகுப்பு வாத்தியார் எதை வைப்பதென்று தெரியாமல் சோக்கட்டியை வைத்தார், அது அவர் எதிர்பார்த்ததைவிட மலிவாக இருந்தது, அதற்குப் பிறகு பழைய நோட்டுக்கு அவர் படிப்பிக்கவில்லை.

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். இது நடக்கமுடியாத காரியம் என்று எனக்கு நாற்பது நிமிடம் நிரூபித்தார். நிரூபித்து முடித்து, தகப்பனார் விட்டுப்போன ஐந்து ரூபாவுக்கு இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

ஒருநாள் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு போட்ட நோட்டுகள் வந்தன. அது பொருளாதாரத் தடைக் காலம். கொழும்பில் ஒரு விலை, இங்கே ஒரு விலை. தராசு எங்கள் விலையைத்தான் ஞாபகம் வைத்திருந்தது. நூறு ரூபா நோட்டை வைத்தபோது அரைச் சவர்க்காரத்துக்கே அது திணறியது. மெழுகுதிரி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றரைத் திரி. வைத்தவர் நோட்டை மடித்துத் திரும்ப மடிக்குள் வைத்துக்கொண்டார். வரலாற்றுப் பாடத்தில் நான் வாசித்த எதுவும் அந்த ஒன்றரைத் திரிக்குப் பக்கத்தில் நிற்காது.

இப்போது அம்பலவாணர் அப்புவுக்கு வரவேண்டும். எண்பத்தாறு வயது, முழுக் கஞ்சன், ஒரு காலத்தில் புகையிலை வியாபாரி. ஒரு சனிக்கிழமை வீட்டுச் சுவரை இடித்து ஒரு தகரப்பெட்டியை எடுத்து, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வந்தார். பெட்டி நிறைய நூறு ரூபா நோட்டு, அறுபத்து மூன்று, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு என்று திகதி போட்ட நோட்டு. சந்தை எழுந்து நின்றது. அறுபத்தைந்தில் நூறு ரூபா என்றால் ஒரு வாத்தியாரின் அரைமாதச் சம்பளம். மரியக்கா ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, மற்றத் தட்டில் ஒரு வெங்காயம் போட்டார். வெங்காயம் கீழே போய் இடித்தது. வெங்காயத்தை எடுத்துவிட்டு ஒரு மிளகாய் போட்டார். மிளகாயும் கீழே போனது. கறிவேப்பிலையில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டார். அதுவும்.

"அப்பு, இது எழுபதிலை அரசாங்கம் செல்லாதெண்டு சொன்ன நோட்டெல்லோ" என்றார் மரியக்கா. "அப்ப பாங்கிலை குடுத்து மாத்தேல்லையோ?"

"குடுத்தா எங்காலை வந்ததெண்டு கேப்பான்."

"கேட்டா?"

"சொல்லேலாது."

சந்தை சிரித்தது. ஐம்பத்திரண்டு வருடம் சுவருக்குள் வைத்துக் காத்த காசுக்கு ஒரு கறிவேப்பிலை வரவில்லை என்பதை இரண்டு கிராமம் தள்ளிப்போயும் சொல்லிச் சிரித்தார்கள். அப்பு பெட்டியை மூடிக்கொண்டு வந்து, வெயில் தாங்காமல் ஒழுங்கை வாசலில் பெரியம்மா வீட்டுப் படலையில் நின்றார். பெரியம்மா மெசினை நிறுத்திவிட்டு, கதிரை போட்டு, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"நீ சிரிக்கேல்லையோ?" என்றார் அப்பு.

"எனக்குப் பகிடி விளங்கிறது குறைவு அப்பு. சீனி காணுமோ?"

தன்னை வீட்டைவிட்டு எழுப்பப்போகிற ஆளுக்குத் தேத்தண்ணியா என்று நான் பிறகு சண்டைக்குப் போனேன். "ரூபா அவருக்கும்தான் செய்தது" என்றார் பெரியம்மா. எனக்கு இப்படியான பதில்கள் பிடிக்காது. அவற்றோடு வாதாட முடியாது.

ஆனால் தராசு எனக்கு ஒரு வழியைக் காட்டியிருந்தது. பெரியம்மாவின் ஐந்து நோட்டும் 2021ஆம் ஆண்டுத் திகதி போட்டவை. அவற்றில் எழுபத்தொன்பதின் பலம் இல்லை. ஆனால் அவர் கட்டியது எழுபத்தொன்பதின் ரூபா, எண்பதின் ரூபா, எண்பத்தொன்றின் ரூபா. அப்படியென்றால் கந்தோர் அந்த ரூபாவைத்தானே திருப்பித் தரவேண்டும். ஆவணியில் பெரியம்மாவை இழுத்துக்கொண்டு பட்டணத்துக் கந்தோருக்குப் போனேன்.

முகாமையாளர் நல்ல மனிசன் மாதிரித்தான் இருந்தார், அதுவே எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. "தங்கச்சி, சட்டப்படி ரூபா ரூபாதான்" என்றார். "இருபத்தையாயிரம் எண்டு எழுதினம். இருபத்தையாயிரம் தந்தம்."

"சேர், நான் உங்களிட்டை ஒரு மூடை நெல்லுத் தந்து, நீங்கள் நாப்பது வருஷத்தாலை எனக்கு ஒரு மூடை உமி தந்தா, ரெண்டும் மூடைதானே எண்டு சொல்லுவியளோ?"

"தராசு சந்தையிலை, தங்கச்சி. இது கந்தோர்."

"அப்ப கந்தோருக்கு ஒரு தராசு வாங்குங்கோ."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இலுப்பையடியிலை எழுபத்தஞ்சாம் ஆண்டு அம்பது சதக் குத்திக்காசும் எடுபடுமோ?" என்று கேட்டார்.

"எடுபடும் சேர்" என்றார் பெரியம்மா. "அப்ப, ரெண்டு ரூபாவும் ஒண்டோ?"

"அதைக் கொழும்புக்குத்தான் எழுதிக் கேக்கவேணும், அம்மா."

எழுதினார். மாதம் ஒன்று. மாதம் இருபது ரூபா கட்டிய அதே ஒழுங்கோடு, அதே றூல் தாளில், அதே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, அதே அச்சடித்த வரி: தங்களது கோரிக்கை முழுமையாகத் தீர்க்கப்பட்டுள்ளது. நான் அவற்றைக் கிழிக்கப் பார்த்தேன். பெரியம்மா விடவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதாம், சட்டைக்குக் கழுத்து வெட்டு வரையலாமாம்.

தை பிறந்தது. டொலர் ஏறாமல் நின்றது, தேங்காய் இறங்கவில்லை. பெரியம்மா மாதுளையின் கீழ் சாமான் கட்டத் தொடங்கினார். அப்போதுதான் ஓட்டோக் குகன் வந்தான். குகனுக்கு நாற்பத்தாறு வயது, இந்த ஒழுங்கையில் பிறந்தவன். கையில் ஒரு சருகான வெற்றிலை, உள்ளே, மீன் படம் போட்ட இரண்டு ரூபா நோட்டு ஒன்று, மடிப்புக் கலையாமல்.

சித்திரை வருடப்பிறப்பில், நல்ல நேரத்துக்குள், மூத்தவர்கள் இளையவர்களுக்கு வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துக் கொடுப்பதைப் பஞ்சாங்கத்தில் கைவிசேடம் என்று போடுவார்கள். நாங்கள் கைவியளம் என்போம். எங்கள் ஒழுங்கையில் அன்று முதன்முதலாகக் கிடைக்கிற கைவியளத்தைச் செலவழிப்பதில்லை, அலுமாரியில் வைத்துவிடுவோம். பெரியம்மாவின் வீடு ஒழுங்கை வாசலில். குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் கைவியளம் பெரியம்மாதான். பங்குனிக் கடைசிக் கிழமையில் பாங்குக்கு நடந்து போய், கசங்காத புது நோட்டாகக் கேட்டு வாங்கி வருவார். எழுபத்தொன்பதில் இரண்டு ரூபா கொடுத்தார். பிறகு ஐந்து, பத்து, இருபது, ஐம்பது, போன வருடம் நூறு. தொகை ஏறிக்கொண்டே வந்தது. அவருடைய அன்பு கூடிப்போய் அது ஏறவில்லை, ரூபா கீழே போகப் போக, அதே அளவு அன்புக்குக் கூடிய காசு தேவைப்பட்டது.

"நாப்பத்து மூண்டு வருஷக் காசு இந்த ஒழுங்கையிலை கிடக்குது, சாம்பவி" என்றான் குகன். "உன்னட்டையும் கிடக்கும். போய் அலுமாரியைத் திற."

திறந்தேன். இருபது வெற்றிலை. ஒழுங்கை முழுக்கத் திறந்தது. ரொறன்ரோவில் திறந்தது, பாரிசில் திறந்தது, சூரிச்சில் திறந்தது. இந்த ஒழுங்கையிலிருந்து போனவர்கள், கடவுச்சீட்டுக்குள்ளும் மூன்று நாடு தாண்டிய சப்பாத்துக்குள்ளும் வைத்துக் கொண்டுபோன ஒற்றை நோட்டை, குளிர்காலத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். ஒருவன் கூடவே எழுதியிருந்தான்: பெரியம்மா, இதை நான் பட்டினியிலும் மாற்றவில்லை, மாற்றுகிற கடையில் எடுக்கமாட்டோம் என்றதும் ஒரு காரணம். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த சகுந்தலா மாமி, மகனுடைய ஒன்பது வெற்றிலையையும் ஒரு கைலேஞ்சியில் கட்டிக் கொண்டுவந்தார்.

எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் வைத்து, பங்குனி நடுவில் ஒரு பின்னேரம், ஒழுங்கையே திரண்டு பெரியம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தோம். அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்தும் ஒருவருக்கும் தோன்றாத பிழை.

"இதை நான் தொடமாட்டன்" என்றார் பெரியம்மா.

"ஏன்?"

"குடுத்த கைக்குத் திரும்பி வந்தா அது கைவியளமில்லை, பிள்ளையள். உங்களுக்கு நான் சொன்ன நல்ல வாக்கையெல்லாம் நானே திருப்பி வாங்கின மாதிரி. குகன்ரை ஓட்டோ நிண்டுபோகும். இவளின்ரை படிப்பு நிண்டுபோகும்."

சகுந்தலா மாமியின் கைலேஞ்சியை மட்டும் எடுத்து, அவிழ்க்காமலே மாமியின் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையையும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

நான் வாதாடினேன். ஒரு மணித்தியாலம் வாதாடினேன். நம்பிக்கை வேறு நாணயம் வேறு என்றேன், இதுவும் ஒரு நாணயம்தான் என்றார். வீடு போகப்போகிறது என்றேன், போகட்டும் என்றார். களைத்துப்போய், "இளையவைதானே மூத்தவைக்குக் குடுக்கேலாது, மூத்த ஆரும் குடுத்தா வாங்குவியள்தானே?" என்று கேட்டேன்.

"மூத்தவை குடுத்தா வாங்கத்தானே வேணும். ஆனா ஒழுங்கையிலை எனக்கு மூத்தவை ஆர் இருக்கினம்?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே ஒருவர் இருந்தார்.

"விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்றார் அம்பலவாணர் அப்பு, தட்டத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து. "இந்தக் காசை நான் அவளுக்குக் கைவியளமாக் குடுக்கவேணும். அவள் அதைக் கொண்டுவந்து எனக்கே தந்து, என்ரை காணியை வாங்குவாள்."

"ஓம் அப்பு" என்றான் குகன்.

"ஆற்றை மூளை இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்புக்காத்தற்றையோ. நினைச்சன்." தடியால் நிலத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "எனக்கு நட்டமெண்டா?"

"தராசிலை வைப்பம் அப்பு. எழுபத்தொன்பதிலை நீங்கள் சொன்ன இருபத்தையாயிரத்துக்குச் சமனா நிண்டா, அந்தக் காசு உங்கடை கையிலையும் அதே பலத்தோடைதான் நிக்கும். நீங்கள் எதையும் இழக்கமாட்டியள். சமனா நிக்காட்டி, பெரியம்மா சாமானைக் கட்டுவா. நான் வாயே திறக்கமாட்டன்."

"நீ வாய் திறக்காமல் இருப்பியோ?" என்றார் அப்பு. "அதுக்காகவெண்டாலும் வைக்கலாம்."

சித்திரை முதலாம் திகதி வெள்ளிக்கிழமை, ஏழேகாலுக்குள் இருந்த நல்ல நேரத்தில், அறுபத்தாறு வயதுப் பெரியம்மா குளித்துப் புதுச்சேலை கட்டிக்கொண்டு, அப்புவின் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்று, சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். எனக்குத் தெரிந்து அவர் கைநீட்டி வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். அப்பு தட்டத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஏதாவது நல்ல வாக்குச் சொல்லவேண்டும் என்பது முறை. பழக்கமில்லாததால் அவருக்கு ஒன்றும் வரவில்லை. "நல்லா இரு" என்றார் கடைசியில்.

மறுநாள் சனிக்கிழமை, சந்தை. கத்தரிக்கோலும் ரிக்கற் புத்தகமும் சாட்சி சொன்ன மாதிரி, காணிக்கு மண் சாட்சி. காணியின் நாலு மூலையிலும் நாலு பிடி மண் எடுத்து, பெரியம்மா தைத்த ஒரு பையில் கட்டி, மரியக்காவின் தராசில் வைத்தோம். தட்டு கீழே போய் நிலத்தில் அமர்ந்தது. மற்றத் தட்டில் ஆண்டுவாரியாக நோட்டுகளை வைத்தார் மரியக்கா. எழுபத்தொன்பது வைத்தார், மண் அசைந்தது. எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு வைக்க மண் நிலத்தை விட்டுக் கிளம்பியது. பிறகு வந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிந்துகொண்டே போயின. தொண்ணூறுகள் ஏறியபோது தட்டுக்கு ஏதோ ஏறியதே தெரியவில்லை. கடைசியாகக் கந்தோர் தந்த ஐந்து ஐயாயிரத்தையும் வைத்தார். முள் ஒரு மயிரளவு அசைந்து நின்றது.

சமனுக்கு இன்னும் நாலு விரற்கடை காணவில்லை.

நான் பேசவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். பெரியம்மா முன்னால் வந்து, மண்பையின் முடிச்சை அவிழ்க்கக் கைவைத்தார். "காணும், மரியம்" என்றார். "எல்லாரும் செய்ததே பெரிசு. எடுங்கோ."

அப்பு எழும்பினார். தடியை ஊன்றி ஊன்றி வந்து, தராசின் பக்கத்தில் நின்று, குனிந்து முள்ளைப் பார்த்தார். பார்த்தபடியே இடது கையை நோட்டுத் தட்டின் விளிம்பில் வைத்தார்.

"அப்பு, தட்டிலை விரல்" என்றார் மரியக்கா.

"எந்த விரல்?"

"நாப்பது வருஷம் யாவாரம் செய்யிறன். விரல் எதெண்டு எனக்குத் தெரியும். விக்கிறவன் தன்ரை சாமான் பக்கம்தான் அமத்துவான். நீங்கள் என்ன, வாங்கிறவளின்ரை பக்கம் அமத்துறியள்?"

"எனக்கு எண்பத்தேழு நடக்குது. நிக்கேலாது. பிடிமானத்துக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அதையும் குற்றம் சொல்லுவியோ?"

மரியக்கா முள்ளைப் பார்த்தார். அது நேராக நின்றது. பிறகு, வெங்காயச் சாக்கை யாரோ இழுத்தமாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சமன்" என்றார்.

காணி எழுதிய அன்று ரொறன்ரோவிலிருந்து மகன் ரெலிபோன் எடுத்தான். ரெலிபோனுக்குப் பக்கத்தில் நான் நின்றேன், அவன் கத்தியது எனக்கே கேட்டது. "அப்பா, உங்களுக்கு என்ன, விசரே?"

"ஓம் ராசா" என்றார் அப்பு. "எழுபதிலையிருந்து."

இனி ஒன்றுதான் மிச்சம். பெரியம்மா பத்தாவது கடிதத்தையும் அனுப்பியிருந்தார். காணி கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "காணி கேட்டு நான் கடிதம் எழுதேல்லையே" என்றார். வைகாசி முதல் கிழமையில், மெசினில் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காஜா கட்டிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் படலையில் மணி அடித்தார். அதே பழுப்பு உறை, அதே கொழும்பு முத்திரை. உள்ளே அதே அச்சடித்த கடிதம். ஆனால் தங்களது கோரிக்கை முழுமையாகத் தீர்க்கப்பட்டுள்ளது என்ற வரியை யாரோ நீலப் பேனையால் ஒரே கோடாக வெட்டியிருந்தார்கள். கீழே, இரண்டாம் வகுப்புப் பிள்ளை றூலுக்குள் எழுதுவதைப்போல, தமிழை வளர்ந்தபிறகு கந்தோருக்காகப் படித்த ஒரு சிங்கள எழுதுவினைஞரின் கையெழுத்தாக இருக்கவேண்டும், ஒவ்வோர் எழுத்தையும் நின்று நின்று யோசித்து எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. பெரியம்மா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார். பிறகு, ஒரு வருடமாக நான் கேட்டுச் சண்டை பிடித்ததை, வாதாடுவதற்கு எந்த இடமும் மிச்சம் வைக்காத அந்தப் பதிலை, என்னிடம் நீட்டினார்.

இல்லை அம்மா. ஒன்று இல்லை. உங்கள் ரூபா பெரியது.